ஜான் ஆண்டர்சன் ஐயர்

கல்வி புகட்டுவோர் இருவகைப்படுவர். தாம் அறிந்தவற்றைத் தம் தாய்மொழியில் தம்மவர்க்கு எடுத்துரைப்போர் ஒரு வகையினர். கேட்போர் அறியாத மொழியொன்றை முதலிற் கற்பித்து, அதன்பின் அம்மொழி வாயிலாகவே பிற கலைகளையும் கற்பிப்போர் மற்றொரு வகையினர். முன்னவர் பணி ஓடுகின்ற ஆற்றில் ஓடம் செலுத்துவதை ஒக்கும். பின்னவர் பணியோ கால்வாயையும் தாமே வெட்டி, நீரையும் தாமே பாய்ச்சி, அதன் மேல் ஓடத்தையும் தாமே செலுத்துவதை ஒக்கும். இவ்விரண்டாம் பணியைத் தமிழகத்தில் மேற்கொண்டோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒருவரின் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர்தாம் ஜான் ஆண்டர்சன் ஐயர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வித்தை ஊன்றியவர் என்று அவரைப் பலரும் அறிவர். காஞ்சியிலும் செங்கற்பட்டிலும் ஆங்கிலப் பள்ளிக்கு வழி திறந்தவரும் அவரே என்பதை அறிந்தோர் சிலரே.

அவர் வரலாற்றை யான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற கோடை விடுமுறையில் யானும் உடன்பயில்வோர் சிலரும் மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பமொன்றில் மாலை வகுப்பு ஒன்றிற்குத் துணை செய்யச் சென்றோம். ஆங்கிலத்தைப் புதுமொழியாகக் கற்கும் சிறுவர் சிறுமியர் அங்கே இருபதின்மர் இருந்தனர். அவர்தம் தந்தையருட் சிலர் கடலிற் செல்வோர். சிலர் கற்சிற்பக் கூடங்களிற் கூலிக்குச் செல்வோர். கடற்கரைக் கோயிலைக் காண வரும் வெளிநாட்டாரிடம் சங்கு மாலையும் சிறு கற்சிலையும் விற்கும் பழக்கத்தால் அப்பிள்ளைகள் விலை கூறும் ஆங்கிலச் சொற்களைத் தயக்கமின்றி உரைத்தனர். ஆனால் அச்சொற்களையே பலகையில் எழுதிக் காட்டியபோது வாய் திறந்தாரில்லை. ஒருநாள், பத்து வயதுச் சிறுமியொருத்தி ஒரு சொல்லைப் பிழையாகப் படித்தாள். யான் அறியாமையால் நகைத்துவிட்டேன். பிள்ளைகள் அனைவரும் என்னுடன் சேர்ந்து நகைத்தனர். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பிறமொழி கற்கும் பிள்ளையின் நெஞ்சு எத்துணை மெல்லியது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இப்பணியை நமக்கு முன்னர்ச் செய்தோர் இதனை எவ்வாறு செய்தனர் என்று அறியும் அவா அப்போதுதான் எனக்குப் பிறந்தது.

பிறப்பும் இளமையும்

ஆண்டர்சன் ஐயர் ஸ்காத்லாந்து நாட்டின் தென்மேற்கிலுள்ள காலோவே என்னும் பகுதியில், கில்பாட்ரிக் டர்ஹாம் என்ற சிற்றூர்ப் பங்கில் 1805ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தையார் கண்பார்வை அற்றவர். பிள்ளைகள் ஒன்பதின்மர், அவர்களுள் மூத்தவர் ஆண்டர்சனே. கண்ணில்லாத் தந்தைக்கும் எட்டு இளையோருக்கும் மூத்தவனாய்ப் பிறந்தவன் சுமக்கும் சுமை எத்தகையது என்பதை நம் நாட்டு ஏழைக் குடும்பங்களில் மூத்த பிள்ளையாய்ப் பிறந்தோர் நன்கு அறிவர்.

ஸ்காத்லாந்து வளம் குறைந்த நாடு. ஆயினும் கல்விப் பற்று மிக்க நாடு. ஒவ்வொரு பங்கிலும் பள்ளி ஒன்று அமைய வேண்டும் என்று 1696ஆம் ஆண்டிலேயே அங்குச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. உழவர் மகனும் பல்கலைக் கழகம் புகுதல் அந்நாட்டில் வியப்பன்று. இங்கு நாம் நினைவிற் கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. காலோவே உழவர்கள் வீட்டில் வழங்கிய ஸ்காத்து மொழி, நூல்களிலும் சொற்பொழிவு மேடைகளிலும் வழங்கிய ஆங்கிலத்தினின்று பெரிதும் வேறுபட்டது. வீட்டில் ஒரு பேச்சும் பள்ளியில் ஒரு பேச்சுமாக வளர்தல் இன்னதென்பதை அந்நாட்டுப் பிள்ளைகளும் அறிந்தே இருந்தனர்.

வறுமை காரணமாகவோ குடும்பக் கடமை காரணமாகவோ ஆண்டர்சன் காலந்தாழ்த்தே உயர்கல்வி பெற்றார். எடின்பரோப் பல்கலைக் கழகத்தில் அவர் புகுந்தபோது வயது இருபத்திரண்டை எட்டியிருந்தது. இலத்தீன் மொழியிலும் அறநெறித் தத்துவத்திலும் அவர் சிறந்து விளங்கினார். அக்காலத்து ஸ்காத்துத் திருச்சபையின் பேரறிஞராகிய தாமஸ் சாமர்ஸ் என்பாரிடம் சமய நூல் பயின்றார். கல்வியை ஏழையர் இல்லந்தோறும் கொண்டு செல்ல வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் உழைத்தவர் சாமர்ஸ். ஆசிரியரின் அவ்வூக்கம் மாணவரையும் பற்றியது.

அழைப்பு

இந்தியாவிற் கல்விப் பணியாற்றும் எண்ணம் ஆண்டர்சனுக்கு எவ்வாறு உண்டாயிற்று என்பதைக் காண்போம். அலெக்சாண்டர் டப் என்னும் ஸ்காத்துநாட்டுப் போதகர் 1830ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆங்கிலப் பள்ளியொன்றைத் தொடங்கியிருந்தார். இராசாராம் மோகன் ராய் அவருக்கு இடம் தேடிக் கொடுத்தும் மாணவர்களை அழைத்து வந்தும் துணை நின்றார். வெறுமனே நெட்டுருப் பண்ணுவிக்கும் முறையை டப் ஒதுக்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டும், விடையினின்றே அடுத்த வினாவை எழுப்பியும், மாணவன் உள்ளத்தைக் கிளறியும் கற்பிக்கும் முறையை அவர் கையாண்டார். உடல் நலம் குன்றித் தாய்நாடு திரும்பிய டப், 1835ஆம் ஆண்டு எடின்பரோவில் திருச்சபைப் பேரவை முன் இந்தியாவைக் குறித்து ஆற்றிய சொற்பொழிவு நாடெங்கும் பரவியது. அதனைப் படித்த ஆண்டர்சன், தம் வாழ்வை இந்திய நாட்டிற்கென்றே ஒப்படைக்கத் துணிந்தார். 1836ஆம் ஆண்டு அவர் குருப்பட்டம் பெற்றுச் சென்னை இராசதானிக்கென நியமனம் பெற்றார். கப்பல் ஏறிய அவர் முதலிற் கல்கத்தா சென்று, அங்கே டப்பின் பள்ளி நடைபெறும் முறையைக் கண்ணாரக் கண்டு, 1837ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சென்னை வந்து சேர்ந்தார்.

அக்காலத்துத் தமிழகம்

அவர் வந்தபோது நம் நாடு கல்வியின்றிக் கிடந்தது என்று எவரேனும் கருதுவராயின் அது பிழை. கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு முதல் ஜில்லாதோறும் கணக்கெடுப்பித்து, 1826ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, சென்னை இராசதானியில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றிற் பயின்றோர் 1,88,650 பேர். அதாவது ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி. திண்ணையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, பின்னர் ஓலையும் எழுத்தாணியும் கொண்டு பிள்ளைகள் கற்றனர். கணக்காயர் ஒருவரே, பிள்ளைகள் பலர். ஆகவே தேர்ந்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக அமர்ந்து இளையோர்க்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தான்.

இம்முறையின் பெருமையை உலகிற்கு உணர்த்தியவரும் ஒரு ஸ்காத்துநாட்டாரே என்பது இன்பந்தரும் செய்தி. ஆண்டுரு பெல் என்பார் 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்ட அவர், அதனையே தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். தாய்நாடு திரும்பி 1797ஆம் ஆண்டு அதனைக் குறித்து அவர் நூல் வெளியிட, சென்னை முறை என்னும் பெயரால் அது பிரிட்டன் எங்கும் பரவியது. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் நம் சட்டாம்பிள்ளை முறையால் எழுத்தறிவு பெற்றனர். ஆகவே வகுப்பறையில் ஆசிரியர்க்குத் துணை நின்று தம்மினும் இளையோர்க்குக் கற்பித்தல் நமக்குப் புதிதன்று. நம் நாடு பிறநாட்டிற்கு ஈந்த கொடை அது.

இத்தகைய நாட்டில் ஆங்கிலத்தின் மேல் மக்களுக்கு அவா பெருகிய காலம் அது. கும்பினியாரின் கச்சேரிகளிலும் வணிகர் கிட்டங்கிகளிலும் ஆங்கிலம் அறிந்தவனுக்கே நல்லூதியம் கிடைத்தது. 1835ஆம் ஆண்டு மெக்காலேயின் குறிப்பை ஒட்டிக் கவர்னர்-ஜெனரல் பெண்டிங்கு, அரசாங்கக் கல்விப் பணத்தை ஆங்கிலக் கல்விக்கே செலவிட ஆணையிட்டார். பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். ஆனால் பயில நல்ல பள்ளிகள் சென்னையில் அரிதாயிருந்தன. பின்னர் இராசதானிக் கல்லூரியாக வளர்ந்த அரசாங்கப் பள்ளி 1840ஆம் ஆண்டிலும், பச்சையப்பர் பள்ளி 1842ஆம் ஆண்டிலுமே தோன்றின.

ஐம்பத்தொன்பது மாணவர்

சென்னைத் தூய அந்திரேயா ஆலயத்துப் போதகர்கள் 1835ஆம் ஆண்டு தொடங்கியிருந்த சிறு பள்ளியொன்று ஆண்டர்சன் கைக்கு வந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு அவர் 1837ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆம் நாள் அர்மீனியன் தெருவில் வாடகை வீடொன்றில் புதிய பள்ளியைத் திறந்தார். முதலிற் சேர்ந்த மாணவர் 59 பேர். அவருட் பெரும்பாலோர் உயர்குலத்து இந்துப் பிள்ளைகள்.

தம் நோக்கம் இன்னதென்பதை அவர் ஒளித்தாரில்லை. வேத நூலையும் கிறிஸ்து சமயக் கொள்கையையும் கற்பிப்பதே தம் பள்ளியின் முதற் குறிக்கோள் என்பதை வெளிப்படையாக அறிவித்தார். பெற்றோரும் அதனை அறிந்தே பிள்ளைகளை அனுப்பினர். அவர் வேண்டியது ஆன்ம மாற்றம்; இவர் வேண்டியது ஆங்கிலம். இரு சாராரும் ஒரே வகுப்பறையில் வெவ்வேறு பொருளைத் தேடினர். பின்னாள் விளைந்த பூசல்களுக்கெல்லாம் இதுவே வேர் எனலாம்.

ஆண்டர்சன் ஓயாது வினவும் ஆசிரியர். புத்தகத்தை வாயாற் சொல்லிவிட்டால் மாணவன் கற்றுவிட்டான் என்று அவர் நம்பவில்லை. சொல்லின் பொருளை வினவுவார். அச்சொல்லை வேறோரிடத்து வைத்து வினவுவார். மாணவன் தன் மனத்திலிருந்து விடையிறுக்கும் வரை விடமாட்டார். 1839ஆம் ஆண்டு இராபர்ட்டு ஜான்ஸ்டன் ஐயரும், 1841ஆம் ஆண்டு ஜான் பிரெய்டுவுட் ஐயரும் அவருக்குத் துணையாய் வந்து சேர்ந்தனர். ஆண்டர்சன் தீப்போன்றவர் எனின், ஜான்ஸ்டன் நீர்போன்றவர் எனலாம். இருவரும் ஒரே நுகத்தில் பூட்டிய காளைகள்போல் இசைந்து உழைத்தனர். அவ்விருவர் வரலாற்றையும் ஒருங்கே எழுதி 1862ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டவர் அவர்தம் தோழர் பிரெய்டுவுட்டே.

முதற் சோதனை

பள்ளி தொடங்கி இரண்டாண்டு நிறைவதற்குள் பெருஞ்சோதனை ஒன்று நேர்ந்தது. 1838ஆம் ஆண்டு, தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவர் சிலர் பள்ளியிற் சேர்ந்திருப்பதை உயர்குலத்துப் பெற்றோர் அறிந்தனர். அச்சிறுவரை உடனே நீக்குதல் வேண்டும், அன்றேல் தம் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று அவர்கள் திரண்டு வந்து முறையிட்டனர். அச்சிறுவர்க்குத் தனி இருக்கையேனும் அமைத்தல் வேண்டும் என்பது அவர்தம் கருத்து.

ஆண்டர்சனின் நிலையை எண்ணிப் பாருங்கள். பள்ளி இளஞ்செடி. மாணவர் போய்விட்டால் பள்ளி இல்லை. பள்ளி இல்லையேல் அவர் கடல் கடந்து வந்த பயன் இல்லை. சில சிறுவரை நயமாக வேறிடம் அனுப்பிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். அக்காலத்துப் பள்ளிகள் பலவும் அவ்வழியே சென்றன. ஆயினும் அவர் இணங்கவில்லை. ஒரு சிறுவனையும் நீக்க முடியாது, தனியே அமர்த்தவும் முடியாது என்று உறுதியாக மறுத்துவிட்டார். மாணவர் பலர் வெளியேறினர். அவர்கள் போனதை ஆண்டர்சன் பொறுத்திருந்தார். நாளடைவில் ஆங்கிலக் கல்வியின் தேவை குலச் செருக்கினும் வலிதாய் நின்றது. வெளியேறியோர் இடத்திற் புதியோர் வந்தனர். பள்ளியின் நெறி மட்டும் மாறவில்லை.

அச்சிறுவர்களின் பெயர்களை யான் படித்த நூல்கள் கூறவில்லை. பின்னாள் அவர்கள் என்ன ஆயினர் என்பதும் அவற்றில் இல்லை. ஆனால் தமிழகத்து வகுப்பறைகளில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்வதற்கு அவர்கள் அமர்ந்த அந்தப் பலகையும் ஒரு தொடக்கம் என்பதை நாம் மறத்தலாகாது.

காஞ்சியும் செங்கற்பட்டும்

சென்னையோடு நின்றுவிடுதல் ஆண்டர்சனுக்கு உடன்பாடன்று. 1839ஆம் ஆண்டு காஞ்சிபுரத்திற் கிளைப்பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதனை அடுத்துச் செங்கற்பட்டிலும் நெல்லூரிலும் திருவல்லிக்கேணியிலும் கிளைகள் தோன்றின. இருப்புப் பாதை இல்லாத காலம் அது. தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856ஆம் ஆண்டிலேதான். அஃது ஆண்டர்சன் மறைந்ததற்கு மறு ஆண்டு. ஆகவே செங்கற்பட்டிற்குச் செல்வதாயின் மாட்டு வண்டியிலோ பல்லக்கிலோ குதிரையிலோதான் செல்ல வேண்டும். கோட்டையும் அதன் அருகே பரந்த ஏரியும் கொண்ட அவ்வூர், தன் பெயரால் வழங்கிய ஜில்லாவின் நெல்வயல்கட்கும் பாலாற்றங்கரைச் சிற்றூர்கட்கும் நடுவிடமாய் இருந்தது. கிழக்கே மாமல்லபுரக் கடற்கரை கிடந்தது. கடலோரக் குப்பங்களில் அன்று ஆங்கிலப் பள்ளி என்பது கனவிலும் இல்லாத ஒன்று.

இக்கிளைப் பள்ளிகளிற் கற்பித்தோர் யாவர்? ஐரோப்பியர் மூவரே, பள்ளிகளோ பல. ஆகவே சென்னைப் பள்ளியிற் பயின்று தேறிய நம் நாட்டு இளைஞரே உதவியாசிரியராக அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகட்கு முன்னரே தாமும் ஆங்கிலத்தின் முதலெழுத்தைத் தட்டித் தடவிக் கற்றவர் அவர். எந்த ஒலி நாவில் தங்காது, எந்தச் சொல் மயக்கந் தரும், எவ்விடத்திற் பிள்ளை அஞ்சி வாய் மூடும் என்பதெல்லாம் கடல் கடந்து வந்த ஆசிரியரினும் அவர்க்கே நன்கு விளங்கியிருக்கும். தமிழிற் பொருள் கூறி ஆங்கிலத்தில் விடை வாங்கவும் அவர்க்கே இயலும். எழும்பூரிற் பெல் கண்ட சட்டாம்பிள்ளை, செங்கற்பட்டில் ஆங்கில வகுப்பின் உதவியாசிரியராய் மீண்டும் தோன்றினான் எனலாம். ஆண்டர்சன் நட்ட மரம் வேர்விட்டது இத்தகைய இளைஞர் கைகளினாலேயே. வரலாற்று நூல்கள் மூவர் பெயரை விரித்துப் பேசுகின்றன. எத்தனையோ உதவியாசிரியர் பெயரின்றிப் போயினர்.

இரண்டாஞ் சோதனை

1841ஆம் ஆண்டு பள்ளியின் சிறந்த மாணவராகிய இராசகோபாலும் வேங்கடராமையாவும் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராயினர். அவ்வாண்டிலேயே எத்திராசுலு என்ற மாணவரும் அவர்களைப் பின்பற்றினார். நகரம் கொந்தளித்தது. பெற்றோர் அழுதுகொண்டு பள்ளி வாயிலில் நின்றனர். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நாளில் நிறுத்தப்பட்டனர். பள்ளியின் இருக்கைகள் வெறுமையாயின.

யானும் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவனே. ஆயினும் அப்பெற்றோரின் கண்ணீரை யான் எளிதாகக் கடந்து செல்ல இயலவில்லை. ஆங்கிலம் கற்று உத்தியோகம் பெறுவான் என்று அனுப்பிய மகன், வீட்டையும் சுற்றத்தையும் விட்டு வேறு நெறி சென்றபோது, அவர்கள் பட்ட துயரம் உண்மையானது. அதேபோல் அவ்விளைஞர் நெஞ்சில் எழுந்த உறுதியும் உண்மையானதே. அவர்கள் சிறுவரல்லர், எண்ணித் துணிந்தவர். பின்னர் மூவரும் சமயத் தொண்டிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டனர். ஆண்டர்சன் அவர்களைத் திருப்பி அனுப்பவும் இல்லை. பள்ளியை மூடவும் இல்லை. இருந்த சிலரைக் கொண்டே பாடத்தைத் தொடர்ந்தார். மாதங்கள் செல்ல மாணவர் மீண்டும் வந்தனர். இவ்வாறே, ஞானஸ்நானம் நிகழும்போதெல்லாம் பள்ளி வற்றுவதும், பின்னர் நிறைவதுமாய் ஆண்டுகள் கழிந்தன.

1843ஆம் ஆண்டு ஸ்காத்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. அரசாங்கத்தின் தலையீட்டை வெறுத்த பல குருமார் தம் ஊதியத்தையும் இல்லத்தையும் துறந்து சுயாதீனத் திருச்சபையை நிறுவினர். இந்தியாவிலிருந்த ஸ்காத்து மிஷனரிமார் அனைவரும் அதன் பக்கமே சேர்ந்தனர். ஆண்டர்சன் பள்ளியும் அன்று முதல் அச்சபையின் கல்விச்சாலையாயிற்று. அக்காலத்திலேயே பெண்மக்களுக்கும் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஆண்டர்சன் 1847ஆம் ஆண்டு மணந்த மார்க்கரெத்து அம்மையார் சுவிட்சர்லாந்து நாட்டினர். ஆங்கிலம் அவ்வம்மையார்க்கும் கற்றுக்கொண்ட மொழியே. பெண்கல்விப் பணியில் அவர் பெரிதும் ஈடுபட்டார்.

மறைவு

இடைவிடா உழைப்பு ஆண்டர்சன் உடலை வாட்டியது. 1849ஆம் ஆண்டு அவர் இராசகோபாலையும் உடன் அழைத்துக்கொண்டு தாய்நாடு சென்றார். ஸ்காத்துநாட்டு மக்கள், தம் பிள்ளைகள் அனுப்பிய காசு என்ன பயன் தந்தது என்பதை ஒரு தமிழகத்து இளைஞர் தம் முன் நின்று ஆங்கிலத்திற் பேசக் கேட்டறிந்தனர். சிறிது காலம் தங்கிய ஆண்டர்சன், முழு நலம் பெறுமுன்னரே மீண்டும் சென்னை திரும்பினார். 1853ஆம் ஆண்டு அவர் ஆருயிர்த் தோழர் ஜான்ஸ்டன் எடின்பரோவில் உயிர் நீத்தார். இரண்டாண்டு கழித்து, 1855ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள், ஆண்டர்சனும் சென்னையில் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஐம்பது வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1854இல் சர் சார்லஸ் வுட்டின் கல்வி ஆணைப் பத்திரம் வெளிவந்திருந்தது. தனியார் பள்ளிகளுக்கு அரசாங்கம் பொருளுதவி செய்யும் என்றும், உயர்கல்வி ஆங்கிலத்திலும் பொதுமக்கள் கல்வி தாய்மொழியிலும் நடத்தல் வேண்டும் என்றும் அது கூறியது. 1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றியது. தாம் விதைத்தது விளைவதைக் காணும் பேறு ஆண்டர்சனுக்குக் கிட்டவில்லை. 1862ஆம் ஆண்டு வந்த வில்லியம் மில்லர் ஐயர் அப்பள்ளியைக் கல்லூரியாக வளர்த்தார். அது 1877ஆம் ஆண்டு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி எனப் பெயர் பெற்று, 1937ஆம் ஆண்டு தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. 2019ஆம் ஆண்டு செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. தாம்பரமும் அதனுள் அடங்கிற்று. ஒருகாலத்திற் கிளைப்பள்ளி பெற்ற செங்கற்பட்டு, இன்று தாய்க் கல்லூரியையே தன் மாவட்டத்தினுள் கொண்டு விளங்குகின்றது. காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பெயர் தாங்கிய பள்ளியும், சென்னை எஸ்பிளனேடில் அவர் பெயர் தாங்கிய ஆலயமும் இன்றும் உள.

ஆய்வும் முடிவும்

தமிழ் பயிலும் மாணவன் என்ற முறையில் ஆண்டர்சன் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ஆங்கிலத்தின் வாயிலாகவே அறிவு புகட்டுதல் வேண்டும் என்று அவர் கருதினார். அதனால் நம் பிள்ளைகளின் தாய்மொழி வகுப்பறையின் ஓரத்திற் சென்று நின்றது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டு தொடங்கிய கல்விச்சாலையில் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே செழித்தன. அதன் பயனாக, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளையைப் போன்ற அறிஞர் அங்கிருந்து தோன்றினர். அவ்வழியை ஆண்டர்சன் கொண்டிருப்பின் நன்மை இருமடங்காயிருக்கும். ஆயினும் காலம் தானே அக்குறையை நீக்கிற்று. அவர் தொடங்கிய பள்ளி கல்லூரியான பின், அங்கே பரிதிமாற் கலைஞர் எனப் பெயர் பூண்ட சூரியநாராயண சாஸ்திரியார் 1903ஆம் ஆண்டு மறையும் வரை தமிழ்ப் பணி புரிந்தார். மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை அங்குத் தமிழாசிரியராய் விளங்கினார். ஆங்கிலத்திற்கென்று திறந்த வாயில் வழியே தமிழன்னையும் உள்ளே புகுந்து அரியணை ஏறினாள்.

இவ்வரலாறு எனக்குக் கற்பித்தது யாது? வகுப்பறையிலிருந்து ஒரு பிள்ளையையும் இழத்தலாகாது என்பதே. நூற்றுவர் எழுந்து போகினும் கடைசிப் பலகைச் சிறுவனை நீக்கமாட்டேன் என்று நின்ற ஆசிரியரின் வரலாற்றைப் படித்தபோது, ஒரு நகைப்பால் ஒரு சிறுமியை வெளியேற்றிய என்னை நினைத்து நாணினேன். மூன்றாம் நாள் அவள் வீட்டிற்குச் சென்றேன். அவள் அன்னையார் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். வா தம்பி என்று அன்போடு அழைத்து அமரச் செய்தார். சிறுமி கதவின் பின் நின்றாள். கூடையிலிருந்த மீன்களின் பெயரை எனக்குக் கற்பிக்குமாறு அவளை வேண்டினேன். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, காரப்பொடி என்று அவள் ஒவ்வொன்றாய்க் கூறினாள். காரப்பொடியைச் சுட்டி யான் நெத்திலி என்று பிழையாகச் சொன்னபோது அவள் நகைத்தாள். அந்நகைப்பு எனக்கு உரியதே என்று ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் அவள் வகுப்பிற்கு வந்தாள். மீன்களின் பெயரைத் தமிழில் அவள் சொல்ல, ஆங்கிலத்தில் யான் எழுத, பிள்ளைகள் அனைவரும் படித்தனர். விடுமுறை முடியுமுன் அவளே தன்னினும் இளைய நால்வருக்கு எழுத்துக்களைக் கடற்கரை மணலில் எழுதிக் காட்டும் சட்டாம்பிள்ளை ஆனாள். பெல் கண்ட மணலும் இதுவே. ஆண்டர்சன் வேண்டிய வினாவும் விடையும் இவையே.

மிஷன் கல்லூரிகளிற் பயிலும் நாம், பெரியோர் பலர் உழைப்பின் நிழலில் அமர்ந்திருக்கின்றோம். அவர்தம் சிலைகளுக்கு மாலை சூட்டுதல் எளிது. விடுமுறை தோறும் சில நாட்களையேனும் ஒதுக்கி, நம் ஊரையடுத்த ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறையில் ஒரு மூலையில் அமர்ந்து துணை செய்வோமாயின், அதுவே அவர்கட்கு நாம் செலுத்தும் உண்மையான கைம்மாறு. அங்குச் செல்லும்போது நம் ஆங்கிலத்தை எடுத்துச் செல்வோம். நகைப்பை வெளியே வைத்துச் செல்வோம். அப்பிள்ளைகளின் தமிழைக் கேட்டுக்கொண்டு திரும்புவோம்.